பங்காளி மருந்து

குழாயின் நடுவில் தொங்கும் பிளாஸ்டிக் குமிழை நகத்தால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, தலையைச் சாய்த்து, உதடு மட்டும் அசைய அவர் விழும் சொட்டுகளை எண்ணிக்கொண்டிருக்கிறார். அந்த நேரத்தில் யாரும் அவரிடம் பேசக் கூடாது. பேசினால் கோபிக்க மாட்டார். முதலிலிருந்து எண்ண ஆரம்பித்துவிடுவார். இது தெரிந்த வீடுகளில் குழந்தைகள்கூட அவர் முடிக்கும்வரை வாயைப் பொத்திக்கொண்டு நிற்கும். எண்ணி முடித்ததும் குழாயில் இருக்கும் சின்னச் சக்கரத்தைக் கட்டைவிரலால் மயிரிழை நகர்த்துவார். மறுபடியும் எண்ணுவார். திருப்தி வந்ததும், "இனிமே அது பாட்டுக்கு இறங்கும், நாம பாட்டுக்கு இருப்போம்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டாலும் இன்னும் நரம்பு வழியாக மருந்து ஏற வேண்டியவர்கள் ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுடைய வீடுகளுக்குப் போய் மருந்து ஏற்றுவது அவர் தொழில். சட்டைப்பையில் தொங்கும் அட்டையில் 'செவிலியர்' என்று போட்டிருக்கிறது. அந்த அட்டையை எவரும் படித்ததாகத் தெரியவில்லை. "டிரிப்ஸ்காரர் வந்துட்டாரு, கதவைத் திற" என்பதுதான் வழக்கம். ஐம்பதைத் தாண்டிய ஒல்லி உடம்பு. சாலைக்கு வலிக்குமோ என்று பயந்தவர் போல ஸ்கூட்டர் ஓட்டுவார். சைக்கிளில் போகிற பள்ளிப் பிள்ளைகள் அவரை முந்திக்கொண்டு போய்த் திரும்பிப் பார்த்துச் சிரிக்கும்.

அவர் ஏற்றுவதில் பாதிக்கு மேல் ஒரே மருந்துதான். எலும்புக்குள்ளும் இதயத்தின் மடிப்புக்குள்ளும் போய் உட்கார்ந்துகொண்டு, மற்ற மருந்துகளுக்கெல்லாம் டிமிக்கி கொடுக்கும் கிருமிகளுக்கானது அது. ஒரு புரதத் துணுக்கு, அதன்மேல் ஒட்டிக்கொண்டிருக்கும் இரண்டு சர்க்கரை மூலக்கூறுகள், இதுதான் அதன் உருவம். எந்த வீட்டிலும் முதல் நாள் பையைத் தொங்கவிட்டதும் இதைப் பற்றி ஒரு சொற்பொழிவு உண்டு.

"கிருமி இருக்கு பாருங்க, அது தன்னைச் சுத்தி ஒரு சுவர் கட்டிக்கிட்டுதான் வாழும். அந்தச் சுவர் எதுல கட்டினதுன்னு நெனைக்கிறீங்க? சர்க்கரையும் புரதத் துணுக்கும்தான். இந்த மருந்து எதுல ஆனது? இதுவும் சர்க்கரை, புரதத் துணுக்கு. அப்போ ரெண்டு பேரும் என்ன முறை ஆவுது? பங்காளி! சுவத்துக்கு வர்ற ஒவ்வொரு செங்கல்லுக்கும் ஒரு வால் இருக்கும். இவன் போய் அந்த வாலைக் கெட்டியாப் பிடிச்சுக்குவான். அடுத்த செங்கல்லோட கோக்க விடமாட்டான். சுவர் பொத்துக்கிட்டு, கிருமி உப்பி வெடிச்சிடும். வெளியாளுங்க எவனாலயும் ஆகாத காரியத்தைப் பங்காளி முடிச்சுட்டுப் போயிடுவான்."

கேட்பவர்கள் சிரித்தால் அவருக்கு இன்னும் உற்சாகம். "அந்தச் சர்க்கரை சும்மா அழகுக்குன்னு நெனைக்காதீங்க. அது இருக்கிறதாலதான் இவனுங்க ரெண்டு ரெண்டு பேரா முதுகோட முதுகு சேர்ந்து நின்னு விடாப்பிடியாப் பிடிக்கிறானுங்க. சர்க்கரையைக் கழட்டிட்டா பிடி தளர்ந்துடும்." பயிற்சி வகுப்பில் கேட்டது முக்கால் பங்கு, தாமாகத் தூவிய மசாலா கால் பங்கு. இந்த மசாலாவால் ஒருமுறை வம்பும் வந்தது. நீரிழிவுக்கார அம்மாள் ஒருவர், 'சர்க்கரை' என்ற சொல் காதில் விழுந்ததுமே கையை உள்ளே இழுத்துக்கொண்டார். "சர்க்கரையா? எனக்குச் சர்க்கரையா ஏத்தறீங்க? எடுத்துட்டுப் போங்க அந்தப் பையை!" அது வேறு சர்க்கரை, ரத்தத்தில் ஏறுவது வேறு சர்க்கரை என்று அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு விளக்கி முடிப்பதற்குள் அன்றைய பாதி நாள் போய்விட்டது. அந்த அம்மாள் இன்றுவரை பையைச் சந்தேகமாகத்தான் பார்க்கிறார்.

இந்த மருந்தை வாய் வழியாகக் கொடுத்துப் பயனில்லை. பெரிய உருப்படி, குடலைத் தாண்டி ரத்தத்துக்குள் வராது. நரம்பு வழியாக ஏற்றினாலும் அவசரப்படக் கூடாது. ஒன்றரை மணி நேரம், சிலருக்கு இரண்டு மணி நேரம். வேகமாக விட்டால் முகமும் கழுத்தும் நெஞ்சும் அடுப்படியில் நின்றவரைப் போலச் சிவந்து அரிக்கத் தொடங்கும். பார்க்கிறவர்களுக்குத்தான் பயமாக இருக்குமே தவிர, பெரும்பாலும் வேகத்தைக் குறைத்தால் தணிந்துவிடும். "அவசரப்பட்டா உடம்பு கோவிச்சுக்கும்" என்பார் அவர். சக்கரத்தை மேலே தள்ளினால் வேகம், கீழே தள்ளினால் நிதானம். ஆபீஸுக்கு நேரமாகிறவர், பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர், சும்மாவே உட்காரத் தெரியாதவர் என்று அவர் கண் மறைந்த சமயத்தில் சக்கரத்தை மேலே தள்ளாத நோயாளியே அபூர்வம். அத்தனை பேரையும் கையும் களவுமாகப் பிடித்திருக்கிறார். சக்கரத்தின்மேல் ஒரு கை விழுந்தால் அது எதற்கு விழுகிறது என்பதில் அவருக்கு எந்தச் சந்தேகமும் இருந்ததில்லை.

மருந்து இறங்கும் நேரத்தில் அவரும் சும்மா இருக்க மாட்டார். பையில் பஞ்சு, கையுறையோடு ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவரும் இருக்கும். ஆடும் நாற்காலி, தொங்கும் கைப்பிடி, கீச்சிடும் அலமாரிக் கதவு எதைக் கண்டாலும் கை பரபரக்கும். இதைத் தெரிந்துகொண்டு, போன வருஷம் உடைந்த சாமானைக்கூட எடுத்துத் தயாராக வைத்திருக்கும் வீடுகள் உண்டு. "நோயாளி தேறினாரோ இல்லையோ, எங்க வீட்டு நாற்காலியெல்லாம் தேறிடுச்சு" என்று ஒரு வீட்டில் நன்றி சொன்னார்கள்.

இப்படி ஊரார் வீடுகளில் எல்லாம் சப்பணம் போட்டு உட்கார்ந்து பேசுகிறவர், ஒரே ஒரு வீட்டு வாசலைப் பல வருஷம் மிதிக்காமலே இருந்தார். அது அவருடைய சொந்த அண்ணன் வீடு.

அண்ணன் பஸ் டிப்போவில் நேரக் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பிறக்கும்போதே அவசரக்குடுக்கை. சாப்பாட்டுத் தட்டு முன்னால் வருவதற்குள் கை கழுவ எழுந்துவிடுகிற ரகம். தம்பி எதிர்த் துருவம். சின்ன வயதில் இருவரையும் ஒரே வேலைக்குக் கடைக்கு அனுப்பினால், அண்ணன் பாதிச் சாமானோடு முன்னால் வருவார். தம்பி முழுச் சாமானோடு எல்லாரும் மறந்த பிறகு வருவார். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்த வீடு அது. ஒருவரை விட்டு ஒருவர் சாப்பிட மாட்டார்கள்.

அண்ணனுக்குப் பதவி உயர்வு வந்தபோது வீட்டில் விருந்து வைத்தார். டிப்போ அதிகாரிகள் எல்லாரும் வந்திருந்தார்கள். அண்ணன் தம்பியின் தோளில் கை போட்டு, "இவன் என் தம்பி, டாக்டர்" என்று மேலதிகாரிக்கு அறிமுகம் செய்தார். அந்த அதிகாரி உடனே தன் நெஞ்சு வலியைப் பற்றிக் கேட்க ஆரம்பித்துவிட்டார். "நான் டாக்டர் இல்லீங்க, நர்ஸ்" என்றார் தம்பி. "விளையாடறான் சார்" என்று அண்ணன் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் தம்பிக்குப் பொறுக்கவில்லை. வாழ்க்கையில் எதையும் அவசரப்பட்டுச் செய்யாதவர் அன்றைக்கு அவசரப்பட்டார். "என்னைத் தம்பின்னு சொல்லிக்கவே எங்கண்ணனுக்கு வெக்கமா இருக்கு. அதான் இல்லாத பட்டத்தைக் கட்டி விடறாரு" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டு, சாப்பிடாமல் எழுந்து போய்விட்டார்.

அண்ணன் பின்னால் ஓடி வரவில்லை. தம்பி திரும்பிப் பார்க்கவில்லை. அன்றைக்கு அண்ணன் மகள் பள்ளிக்கூடப் பையோடு ஓடிக்கொண்டிருந்தாள். இன்று அவளுக்கே பள்ளிக்கூடம் போகும் பிள்ளை இருக்கிறது. கல்யாணம், சாவு என்று எதிரெதிரே பார்க்க நேர்ந்தபோதெல்லாம் ஒருவர் வாசல் பக்கம் நின்றால் மற்றவர் புழக்கடைப் பக்கம் நின்றுவிடுவார். இரண்டு பேருக்குமே வீம்பு. அதில் மட்டும் அப்படியே உரித்து வைத்த ஒற்றுமை.

சில மாதங்களுக்கு முன், அவரை வீடுகளுக்கு அனுப்பும் கம்பெனியிலிருந்து போன். "சார், ஒரு புது கேஸ். முழங்கால்ல எலும்புக்குள்ள சீழ். ஆறு வாரம் ஏத்தணும். உங்க வீட்டுப் பக்கம்தான், எடுத்துக்கறீங்களா?" பெயரையும் முகவரியையும் சொன்னாள் அந்தப் பெண். இவர் அந்த முகவரியை ஒருமுறை திருப்பிச் சொன்னார். பக்கத்தில் நின்ற மனைவிக்கு விஷயம் புரிந்துவிட்டது. "வேற ஆளை அனுப்பச் சொல்லுங்களேன்" என்றாள்.

"மருந்துக்கு இது யார் வீடுன்னு தெரியுமா? எல்லா வீடும் ஒண்ணுதான்" என்று பெரிய மனுஷத் தோரணையில் சொன்னார். மறுநாள் காலையில் செருப்பை இரண்டு தரம் துடைத்துப் போட்டுக்கொண்டு கிளம்பியதை அவள் பார்த்தாள்.

அண்ணன் வீடு இரண்டாம் மாடி. ஜன்னலுக்குக் கீழே பஸ் நிலையம். ஜன்னலோரத்துச் சாய்வு நாற்காலியில், காலை ஸ்டூலில் நீட்டிப் போட்டு அண்ணன் உட்கார்ந்திருந்தார். ஆள் பாதியாக இருந்தார். மேல் கையில் ஆஸ்பத்திரியில் வைத்து அனுப்பிய மெல்லிய குழாய் ஒட்டியிருந்தது. அண்ணி, "வாங்க தம்பி" என்றார், நேற்றுத்தான் வந்துவிட்டுப் போனவரிடம் சொல்வது போல. அந்த ஒரு சொல்லுக்கே இவருக்குக் கண் கலங்கிவிட்டது. கையுறை மாட்டும் சாக்கில் திரும்பிக்கொண்டார்.

தொழிலில் ஒரு விதி இருக்கிறது. பையைத் தொங்கவிடும் முன், ஆள் தெரிந்தவரோ தெரியாதவரோ, பெயரையும் பிறந்த தேதியையும் நோயாளியின் வாயாலேயே கேட்டுச் சரிபார்க்க வேண்டும். தினமும் கேட்க வேண்டும்.

"பேரு?" என்றார் தம்பி, பையைப் பார்த்தபடி.

"ஏன், உனக்குத் தெரியாதா?"

"சொல்லணும். விதி."

அண்ணன் ஜன்னலைப் பார்த்தபடி பெயரைச் சொன்னார். பிறந்த தேதியைச் சொன்னார். "அரிப்பு, சூடு எதாவது இருந்தா சொல்லணும்" என்றார் தம்பி. "ம்" என்றார் அண்ணன். பல வருஷத்துக்குப் பிறகு இரண்டு பேரும் பேசிக்கொண்ட பேச்சு இவ்வளவுதான். அதன்பின் மருந்து இறங்கி முடியும்வரை, ஒரே அறைக்குள், ஒருவர் சுவரையும் ஒருவர் ஜன்னலையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வழக்கமான சொற்பொழிவு அன்று நடக்கவில்லை. பங்காளி என்ற வார்த்தையை அந்த அறையில் எப்படிச் சொல்வது?

நாள்கள் போயின. தினமும் பெயர், பிறந்த தேதி, அரிப்பு, சூடு. அண்ணி கொண்டுவந்து வைக்கும் காபி டம்ளர் தினமும் ஆறிப்போய்த் திரும்பும். பால்கனிக் கதவின் கைப்பிடி ஒரு திருகாணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் பார்வை அடிக்கடி அங்கே போகும், கை பரபரக்கும், ஆனால் தொட மாட்டார். அதைத் தொட்டுவிட்டால் வேலைக்கு வந்தவர் என்ற நிலை போய்விடும் என்று ஒரு தயக்கம்.

ஒரு நாள் கீழே ஒரு பஸ் கிளம்ப மனமில்லாமல் நின்றுகொண்டிருந்தது. அண்ணனால் பொறுக்க முடியவில்லை. "யோவ், எடுய்யா வண்டியை! உள்ள இருக்கிறவனெல்லாம் ரிட்டையர் ஆனப்புறம் எடுப்பியா?" என்று ஜன்னல் வழியாகக் கத்தினார். தம்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து, முடியாமல், குலுங்கிச் சிரித்துவிட்டார். அண்ணனின் உதட்டோரமும் கோணியது. அன்று டம்ளர் காலியாகத் திரும்பியது. மறுநாள் தம்பி யாரிடமும் கேட்காமல் கைப்பிடியை முடுக்கிவிட்டார். அவர் முதுகைக் காட்டிக்கொண்டு சாமான்களை எடுத்து வைத்தபோது, அண்ணன் ஊன்றுகோலோடு எழுந்து போய், எந்தக் காரியமும் இல்லாமல் பால்கனிக் கதவைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். "நல்லாத்தான் இருக்கு" என்று பொதுவாகக் காற்றிடம் சொன்னார்.

அந்த வாரத்திலிருந்துதான் மருந்து மெதுவாக இறங்க ஆரம்பித்தது. வழக்கமான நேரம் தாண்டியும் பையில் மீதம் இருக்கும். குழாய் எங்காவது மடங்கியிருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். உப்பு நீர் செலுத்தி அடைப்பு இருக்கிறதா என்று பார்த்தார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. "வயசான நரம்பு, சண்டித்தனம் பண்ணுது" என்று அண்ணியிடம் சொல்லிவிட்டுக் காத்திருந்தார். அடுத்த வீட்டுக்குத் தாமதமாகப் போனார். அதைப் பற்றி அவருக்குப் புகார் ஒன்றும் இல்லை.

பிறகு அந்தக் காலை வந்தது. கை கழுவிக்கொண்டு திரும்பியவர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். அண்ணனின் கை சக்கரத்தின்மேல் இருந்தது.

"கையை எடு!"

அண்ணன் திடுக்கிட்டுக் கையை இழுத்துக்கொண்டார். ஒரு நொடியில் அவர் கழுத்து சிவந்தது, காது சிவந்தது, முகமெல்லாம் சிவந்தது. வேகம் கூடியதால் மருந்து வேலையைக் காட்டிவிட்டது என்று இவர் முடிவு கட்டினார். முப்பது வருஷத் தொழில் அனுபவம் அப்படித்தான் சொன்னது. குழாயை மூடினார், நாடி பிடித்தார். பயம் ஒரு பக்கம், பழைய ரணம் ஒரு பக்கம், இரண்டும் சேர்ந்து வாயில் வந்தது.

"இன்னும் அந்த அவசரம் போகலையா உனக்கு? என்னை வெளியே கெளப்பி விடறதுக்கு அவ்வளவு துடிப்பா? சொல்லியிருந்தா நானே வராம இருந்திருப்பேனே!"

அண்ணன் எதையோ சொல்ல வாயெடுத்தார். அண்ணி சமையலறையிலிருந்து ஓடி வந்ததைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். தம்பி பை தொங்கிய கம்பத்தை அவர் கைக்கு எட்டாத தூரத்துக்கு நகர்த்தி வைத்து, மீதி மருந்தை இன்னும் மெதுவாக இறக்கிவிட்டுப் புறப்பட்டார்.

கீழே இறங்கியதும் முறைப்படி டாக்டருக்குப் போன் செய்தார். நோயாளி சக்கரத்தைத் தொட்டார், உடம்பு சிவந்தது, அரிப்பு இல்லை, இப்போது தணிந்துவிட்டது என்று உள்ளது உள்ளபடி சொன்னார். டாக்டர் யோசித்தார். "சிறுநீரக டெஸ்ட்டும் போன வாரத்தைவிடக் கொஞ்சம் ஏறித்தான் இருக்கு. நாலு வாரம் முடிஞ்சுடுச்சு. மீதிக்கு வேற மருந்து, மாத்திரையா குடுத்துடலாம். நீங்க ஒரு நாள் போய்க் குழாயை எடுத்துடுங்க." இவர் "சரிங்க டாக்டர்" என்றார். அந்த நேரத்தில் அவருக்கு வருத்தம் தோன்றவில்லை. நல்லதாகப் போயிற்று என்றுகூட ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பும்போது நினைத்துக்கொண்டார்.

அதே நாள் மதியம் அந்த நீரிழிவுக்கார அம்மாள் வீட்டில் இருந்தார். அம்மாளின் மகனுக்கு எங்கேயோ போக வேண்டிய அவசரம். இவர் அடுத்த அறையில் ஒரு நாற்காலிக் காலை முடுக்கிக்கொண்டிருந்தபோது பையன் சக்கரத்தை மேலே தள்ளிவிட்டான். இவர் வந்து பார்த்தபோது பை சுருங்கித் தொங்கியது. பாதி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு விரற்கடைதான் இருந்தது. "அதானே பார்த்தேன்" என்று சக்கரத்தைக் கீழே தள்ளினார். பையனைத் திட்ட வாயெடுத்தவர், அப்படியே நின்றுவிட்டார்.

சக்கரத்தைத் தள்ளினால் பை சீக்கிரம் காலியாகும். அண்ணன் வீட்டுப் பை காலியாகவில்லை. காலையில் அதைக் கையில் பிடித்தபோதுகூடப் பெருத்த கனமாக இருந்தது. அன்று மட்டுமா? ஒரு வாரமாகவே மீதம் இருந்தது. நரம்பின் சண்டித்தனம் என்று நினைத்தாரே, எந்த நரம்பு சண்டித்தனம் செய்தது? அரிப்பும் இல்லையே. அப்படியானால் அந்தச் சிவப்பு?

"என்னங்க, என்னமோ மாதிரி நிக்கிறீங்க? எனக்கு எதாவது ஆயிடுச்சா?" என்று அம்மாள் பதறினார்.

"உங்களுக்கு ஒண்ணும் இல்லம்மா" என்றார். நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். சாப்பாட்டுக்கே பொறுமை இல்லாத மனுஷன், வாழ்நாளெல்லாம் உலகத்தையே சீக்கிரம் சீக்கிரம் என்று விரட்டிய மனுஷன், தம்பி இன்னும் கொஞ்ச நேரம் உட்காரட்டும் என்று ஒரு சக்கரத்தைத் திருட்டுத்தனமாகக் கீழே தள்ளியிருக்கிறார். அதைப் பிடித்து, அண்ணி காதுபடத் திட்டி, டாக்டருக்குப் போன் போட்டு, மருந்தையே நிறுத்தியாகிவிட்டது. மிச்சமிருந்த இரண்டு வாரத்தையும் தன் கையாலேயே அறுத்துப் போட்டுவிட்டோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. சக்கரத்தைத் தொட்ட பையன்தான் ஒன்றும் புரியாமல் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

டாக்டருக்கு மறுபடி போன் செய்தார். சிவந்தது மருந்தால் அல்ல போலிருக்கிறது என்று இழுத்தார். "அதனால என்ன? சிறுநீரகத்துக்காகவும்தான் மாத்தறோம். நோயாளிக்கு மாத்திரைதான் சௌகரியம்" என்றார் டாக்டர். அது நியாயமான பேச்சு. அண்ணனின் உடம்புக்கு அதுதான் நல்லது. அண்ணனின் உடம்புக்கு நல்லதைப் பார்த்து வருத்தப்படும் நிலைமையில் இவர் இருந்தார். எந்த வீட்டுக்கும் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு போய்த்தான் அவருக்குப் பழக்கம். வெறும் கையோடு கதவைத் தட்டி, சும்மா வந்தேன் என்று சொல்ல, பாவம், அவருக்கு வராது.

குழாயை எடுக்க வேண்டிய நாளில் போனார். சிறிய வேலை. நாற்காலி இழுத்துப் போடக்கூடத் தேவை இல்லாத வேலை. அண்ணன் சட்டைக் கையை மடித்துத் தயாராக உட்கார்ந்திருந்தார். அண்ணி வெதுவெதுப்பான டம்ளரோடு நின்றார்.

"இனிமே எப்போ வருவீங்க தம்பி?" என்றார் அண்ணி.

"அவனுக்கு ஆயிரம் வீடு இருக்கு" என்று அண்ணனே பதில் சொல்லிவிட்டார்.

தம்பி ஒட்டியிருந்த பட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்தார். தோல் இழுபடாமல் பிரிக்கும் வேலைக்கு எவ்வளவு நேரம் எடுக்கலாமோ அவ்வளவும் எடுத்துக்கொண்டார். பிறகு தலையைக் குனிந்தபடியே, பல வருஷமாக வாயில் வராத சொல்லைக் கொண்டுவந்தார்.

"அண்ணா."

அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அன்னிக்கு நீ அந்தச் சக்கரத்தை எந்தப் பக்கம் தள்ளினே?"

"எந்தச் சக்கரம்?"

"மருந்துச் சக்கரம்."

"உன் மருந்து, உன் சக்கரம். எனக்கு என்ன தெரியும்? வந்த வேலையைப் பாரு."

குரலில் டிப்போ அதிகாரம் குறையவில்லை. ஆனால் அவருடைய கழுத்து சிவந்தது. காது சிவந்தது. உடம்புக்குள் ஒரு சொட்டு மருந்து இல்லை, கம்பத்தில் பை இல்லை, அப்படியும் முகமெல்லாம் சிவந்தது. தம்பி அதை நிமிர்ந்து பார்த்தார்.

"நான் தப்பா நெனச்சுட்டேண்ணா" என்றார்.

"வேலையைப் பாருன்னேன்ல."

அதற்கு மேல் பேச அவருக்குத் தைரியம் வரவில்லை. விருந்தன்றைக்கும் சேர்த்துச் சொல்ல நினைத்திருந்தார். பஞ்சை மடித்து வைத்துக்கொண்டு, குழாயைச் சீராக, ஒரே இழுப்பாக இல்லாமல், கொஞ்சம் கொஞ்சமாக உருவினார். முழுதும் வந்தது. முனை சரியாக இருக்கிறதா என்று பார்த்துக் கிண்ணத்தில் போட்டார். துளை இருந்த இடத்தில் பஞ்சை வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினார். ரத்தம் நிற்கும்வரை அழுத்த வேண்டும். சில நிமிஷம் போதும்.

சில நிமிஷம் ஆயிற்று. அண்ணி பிளாஸ்டரைப் பிரித்து நீட்டினார். தம்பி அதை வாங்கவில்லை. பஞ்சைத் தூக்கி ரத்தம் நின்றதா என்று பார்க்கவும் இல்லை. கட்டைவிரல் அண்ணனின் கையில் இருந்தபடியே இருந்தது. அண்ணி ஒருவரை மாற்றி ஒருவரைப் பார்த்துவிட்டு, பிளாஸ்டரை மேஜைமேல் வைத்துவிட்டுச் சமையலறைக்குள் போனார். அண்ணன் போதும் என்று சொல்லவில்லை. ஜன்னலைப் பார்த்தபடியே மற்றொரு கையைத் தூக்கி, தம்பியின் கட்டைவிரல்மேல் வைத்து, இன்னும் கொஞ்சம் அழுத்திக்கொண்டார்.